கிளாடியோலஸைக் கொல்வது குளிரா, ஈரமா?

பிரிட்டனிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இலையுதிர் காலம் வந்தால் ஒரு வேலை காத்திருக்கும். கோடையில் ஆளுயரத் தண்டு விட்டுப் பூத்த கிளாடியோலஸைத் தோண்டி, மண்ணை உதறி, கிழங்கைக் காயவைத்து, உறைபனி எட்டாத அறையில் வசந்தம் வரை பத்திரப்படுத்த வேண்டும். நம் ஊர்க் கல்யாண மேடைகளிலும் பூங்கொத்துகளிலும் பார்க்கிற அதே பூதான். குளிர் தாங்காத செடி, தோண்டாவிட்டால் செத்துவிடும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் விதி. விதி பாதிதான் சரி. இரண்டு நூற்றாண்டுகளாக மனிதர்கள் கலப்பு செய்து உருவாக்கிய பெரிய பூ வகைகளுக்கு அது பொருந்தும். கிளாடியோலஸ் என்ற பேரினம் முழுவதற்கும் அதையே நீட்டுவதற்கு ஆதாரம் இல்லை. இடத்துக்கேற்ற இனத்தை நட்டால் கடப்பாரையைத் தொடாமலே ஆண்டுதோறும் பூ பார்க்கலாம்.

பேரினத்தில் 250க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவை என்பதால் ‘வெயில் நாட்டுச் செடி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இயற்கையாக வளரும் கிளாடியோலஸ்களும் உண்டு. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் பெரணிப் புதர்களுக்கு அடியில் இல்லிரிகஸ் என்ற இனம் பூக்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பலுஸ்ட்ரிஸ் தெற்கு ஜெர்மனியின் ஈரப் புல்வெளிகளிலும், இம்ப்ரிகேட்டஸ் எஸ்தோனியாவின் கடலோரப் புல்வெளிகளிலும் வளர்கின்றன. எஸ்தோனியாவின் குளிர்காலத்தைத் தாங்குகிற செடியைக் குளிருக்கு அஞ்சுவது என்று எப்படிச் சொல்வது? கிளாடியோலஸின் குடும்பத்தில்தான் குங்குமப்பூவும் இருக்கிறது. காஷ்மீரத்து வயல்களில் அதன் கிழங்கு பனிப் போர்வைக்கு அடியில் பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கிறது.

கிழங்கு செயல்படும் விதத்தைப் பார்த்தாலும் இது புரியும். நம் சேனையைப் போல இதுவும் தண்டு பருத்து உருவான கிழங்கு. தாவரவியலில் இதற்குக் கந்தம் என்று பெயர். கிளாடியோலஸில் கிழங்கு ஒவ்வோர் ஆண்டும் புதிது. பழைய கிழங்கு தன் மாவுச்சத்தைத் தளிருக்கும் பூவுக்கும் செலவழித்துச் சுருங்க, அதன் தலைமேல் புதுக்கிழங்கு திரள்கிறது. இப்படி ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் கிழங்கு மண்ணுக்கு வெளியே வந்துவிட வேண்டும். அப்படி நடக்காமல் தடுப்பவை சதைப்பிடிப்பான தனிவகை வேர்கள். அவை மண்ணைப் பற்றிக்கொண்டு பின்பு சுருங்கி, புதுக்கிழங்கைக் கீழே இழுக்கின்றன. ஆழம் என்பது கிழங்கின் போர்வை. காற்று பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போகும் இரவிலும் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் அவ்வளவு குளிர்வதில்லை. மேலே பனி மூடியிருந்தால் இன்னும் குறைவாகவே குளிரும். இதோடு, குளிர் தாங்கும் தாவரங்கள் பொதுவாகக் குளிர் நெருங்கும்போது செல்களில் சர்க்கரையைச் சேர்த்து உறைநிலையைத் தாழ்த்திக்கொள்கின்றன.

அப்படியானால் தோட்டங்களில் கிழங்குகள் ஏன் சாகின்றன? எங்கள் ஊர்க் குளிர் அதிகம் என்று பழியைத் தெர்மாமீட்டர் மேல் போட்டுவிடுவது எளிது. தென்னாப்பிரிக்காவின் இரண்டு மழைக்காலங்களை வைத்துப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. கிழக்கே டிராகன்ஸ்பர்க் மலைப் பகுதியில் மழை கோடையில். குளிர்காலத்தில் உறைபனி உண்டு, ஆனால் மண் காய்ந்திருக்கும். மேற்கே கேப் பகுதியில் மழை குளிர்காலத்தில், கோடைதான் வறட்சி. கிழக்கத்திச் செடி குளிரில் இலை உதிர்த்து உறங்கும். மேற்கத்திச் செடியோ அப்போதுதான் தளிர்விடும். பிரிட்டனின் குளிர்காலம் நனைந்த குளிர்காலம். அங்கே கிழக்கத்திக் கிழங்கு தனக்குப் பழக்கமான குளிரைத் தாங்கிவிடுகிறது. உறக்கத்தில் இருக்கும்போது சுற்றிலும் நிற்கும் தண்ணீரில்தான் அழுகுகிறது. மேற்கத்திச் செடிக்கு ஈரம் பழக்கம். ஆனால் அதன் பச்சை இலை உறைபனியில் கருகுகிறது. நனைந்த மண் காய்ந்த மண்ணைவிட மெதுவாகவே உறையும், ஏனென்றால் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. குளிர் ஒன்றே காரணமாக இருந்தால் ஈர மண்ணில் சாவு குறைய வேண்டும். வடிகால் இல்லாத களிமண்ணில்தான் அது கூடுகிறது. காற்றோட்டம் இல்லாத மண்ணில் அழுகல் நோய்களுக்குக் கொண்டாட்டம்.

எஸ்தோனியாவின் இம்ப்ரிகேட்டஸ் ஈரப் புல்வெளியில்தானே வளர்கிறது என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்விதான். ஈரம் எல்லா இனத்துக்கும் விஷம் என்று நான் சொல்லவரவில்லை. இம்ப்ரிகேட்டஸ் அந்த மண்ணின் நாட்காட்டிக்குப் பழகிய செடி. சிக்கல் வருவது, ஓர் ஊரின் நாட்காட்டிக்குப் பழகியதை வேறொரு நாட்காட்டிக்குள் நடும்போது.

பெரிய பூ வகைகள் எப்படி இவ்வளவு நோஞ்சானாயின என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 1823இல் லண்டன் செல்சியில் ஜேம்ஸ் கால்வில் நாற்றங்காலில் ட்ரிஸ்டிஸ், கார்டினாலிஸ் என்ற இரு கேப் இனங்களைக் கலந்ததில் கால்வில்லை என்ற கலப்பினம் வந்தது. பிறகு பெல்ஜியத்தில் வேறொரு கலப்பு உருவாகி, கென்ட் நகரின் பெயரால் 1841இல் சந்தைக்கு வந்தது. கோடையில் பூக்கும் பெரிய வகைகளின் வழி அங்கே தொடங்குகிறது. அதிலிருந்து இன்றைய ராட்சத வகைகள்வரை வளர்ப்பாளர்கள் தேடியது உயரம், நிறம், ஒரே சமயத்தில் விரியும் பூக்கள். கிழங்கை ஒவ்வோர் ஆண்டும் தோண்டிப் பெட்டியில் வைத்துவிட்டதால் குளிர்காலம் அவற்றைச் சோதிக்கவே இல்லை. சோதனை இல்லாத இடத்தில் தாங்கும் குணத்துக்குத் தேர்வும் இல்லை. இது என் ஊகம்தான். ஆனால் பக்கபலமாக ஒரு செடி இருக்கிறது. கலப்பினங்களின் முக்கிய மூதாதை டேலினை. அதன் ஒரு வகை வட கரோலினாவின் அப்பலாச்சிய மலையில், சுமார் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள பூன் ஊருக்கு அருகே, கைவிடப்பட்ட பழைய வீட்டுமனையில் தானாகவே வாழ்ந்துகொண்டிருந்தது. இன்று அது ‘பூன்’ என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. மூதாதைக்கு இருந்த திராணி வாரிசுகளிடம் தேய்ந்துபோயிருக்கிறது.

காட்டு இனங்களின் பூ சிறியது என்ற குறையை மறுக்க முடியாது. ஆனால் மே, ஜூனில் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவில் கொத்தாக நிற்கும் பைசாண்டினஸ் என்ற காட்டு வகைக்குக் கம்பு நட்டுக் கட்டும் வேலை இல்லை. ராட்சதத் தண்டு ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும். இப்போது குளிர்காலம் மிதமாகிவிட்டதே, பெரிய வகைகளையே மண்ணில் விட்டால் என்ன என்பது இரண்டாவது வாதம். தெற்கு இங்கிலாந்தில் அவை சில ஆண்டுகள் பிழைப்பதும் உண்மைதான். நூறாண்டுகளில் பிரிட்டன் கண்ட மிகக் குளிர்ந்த டிசம்பரான 2010 டிசம்பர் போல ஒருமுறை வந்தால் போதும், கணக்கு தலைகீழாகிவிடும். தோண்டி வைத்தால் பூச்சி, நோய் அண்டாது என்பாரும் உண்டு. கிளாடியோலஸ் இலைப்பேன் விஷயத்தில் நிலைமை நேர்மாறு: கடுங்குளிர் ஊர்களில் வெளியே சாகும் அந்தப் பூச்சி, சேமித்த கிழங்கின் தோலுக்கடியில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

எனக்குக் கனமாகப்படும் மறுப்பு வேறு. தாங்கும் செடிதான் களையாகவும் மாறும். தெற்கு ஐரோப்பாவின் இடாலிகஸ் பழைய கோதுமை வயல் களை. உழும்போது சிதறும் குட்டிக்கிழங்குகளே அதைப் பரப்பும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கேப் நாட்டு உண்டுலேட்டஸ் ஈரநிலங்களில் புகுந்து தொல்லை தருகிறது. கேப் பகுதியை ஒத்த பருவநிலை உள்ள ஊர்களில் இருப்பவர்கள், தோண்டாத கிளாடியோலஸை நடுவதற்கு முன் உள்ளூர்க் களைப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

மற்றவர்களுக்குத் தேர்வு கடினமில்லை. வடிகாலும் வெயிலும் உள்ள மண்ணில் பைசாண்டினஸை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இலையுதிர் காலத்தில் நடலாம். மிதக்குளிர் ஊர்களில் கால்வில்லை வகையைச் சேர்ந்த வெள்ளை ‘தி பிரைட்’ சரியாக வரும். கோடையில் ஈரம் காக்கும் மண்ணென்றால் கிழக்குத் தென்னாப்பிரிக்காவின் பாப்பிலியோ. குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கும் களிமண்காரர்கள் மேடை எழுப்பி நட வேண்டும். கண்காட்சிப் பரிசுக்காக ராட்சதத் தண்டு வளர்ப்பவர்கள் வழக்கம்போல் தோண்டி எடுத்து வைப்பதே மேல்.