ஒரு கல்லீரல் நிபுணர் உருவாக எத்தனை ஆண்டுகள்?

கல்லீரல் பொறுமையான உறுப்பு. பெரும்பகுதி பழுதடையும் வரை அது எந்த வலியையும் காட்டுவதில்லை. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிய பிறகே பலர் மருத்துவரை நாடுகின்றனர். அந்த நிலையில் அவர்களுக்குத் தேவைப்படும் கல்லீரல் நிபுணர் எப்படி உருவாகிறார் என்பது பலருக்குத் தெரியாது.

மலேசியாவில் மருத்துவப் பட்டப்படிப்பு பெரும்பாலும் 5 ஆண்டுகள். அதன்பின் ஹவுஸ்மேன் பயிற்சி 2 ஆண்டுகள். அடுத்து, உள்மருத்துவத்தில் நிபுணத்துவம் பெற வேண்டும். உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கு 4 ஆண்டுகள். சிலர் பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி. தேர்வு வழியாகவும் தகுதி பெறுகின்றனர். இவற்றுக்கு மேல் ஏறத்தாழ 3 ஆண்டுகள் கல்லீரல் துறைப் பயிற்சி. இடைவெளி இல்லாமல் கூட்டினாலும் 14 ஆண்டுகள் ஆகிவிடும்.

இந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் நோயாளியின் அருகிலேயே நடக்கிறது. சிலாங்கூரிலுள்ள செலாயாங் மருத்துவமனை இத்துறையின் முக்கிய மையமாகும். ஈரல் இறுகிப்போன ஒருவர் நள்ளிரவில் இரத்த வாந்தி எடுத்தால், உணவுக்குழாயில் புடைத்து வெடித்த இரத்தக்குழாயை எண்டோஸ்கோப்பி வழியாகக் கண்டுபிடித்து, சிறு ரப்பர் வளையம் போட்டு இரத்தப்போக்கை நிறுத்த வேண்டும். மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் பலமுறை செய்தால்தான் இது கைவரும்.

கைத்திறனைவிடக் கடினமானது தீர்மானம். யாருக்கு மருந்து போதும், யாருக்கு மாற்றுக் கல்லீரல் தேவை, யாருடைய உடல் அறுவை சிகிச்சையைத் தாங்காது என்பதை எடைபோட வேண்டும். சற்று முந்தினால் தேவையற்ற ஆபத்து; சற்றுப் பிந்தினால் உயிரே போய்விடும். அந்தச் செய்தியைக் குடும்பத்தாரிடம் பக்குவமாகச் சொல்வதும் பயிற்சியில் அடங்கும்.

இவ்வளவு காலம் எடுக்கும் நிபுணர்களை ஓரிரு ஆண்டுகளில் பெருக்கிவிட முடியாது. ஆகவே, நோயை முதலில் கண்டுபிடிக்கும் பொறுப்பு குடும்ப மருத்துவர்களுக்கும் உண்டு. நோயாளியின் வயது, இரத்தத்திலுள்ள இரண்டு நொதிகளின் அளவு, தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு, கல்லீரலில் தழும்பு ஏறியிருக்கக்கூடியவர் யார் என்பதைச் சாதாரண கிளினிக்கிலேயே கணிக்கலாம். அவர்களை மட்டும் நிபுணரிடம் அனுப்பினால், நிபுணரின் நேரம் உண்மையாகத் தேவைப்படுவோருக்குக் கிடைக்கும்.

பொதுமக்களுக்கும் இதில் பங்குண்டு. மலேசியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியை மருந்தால் கட்டுப்படுத்தலாம். ஹெப்பாடைட்டிஸ் சி நோயையோ, பெரும்பாலோருக்குச் சுமார் 12 வாரங்கள் மாத்திரை கொடுத்தே குணப்படுத்திவிடலாம். நீரிழிவும் உடல் பருமனும் உள்ளவர்கள், மது அருந்தாவிட்டாலும், கொழுப்புக் கல்லீரல் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பதினான்கு ஆண்டுகள் படித்துப் பயின்ற நிபுணராலும், காலம் கடந்து வருபவருக்குச் செய்யக்கூடியது கொஞ்சமே. முன்கூட்டியே வருபவருக்கு அவரால் செய்யக்கூடியதோ ஏராளம்.