சக்கரம் இறங்காத மாதிரி விமானம்

கடை அடைக்கும் ஞாயிறுகளில் ரேடியோ மாதிரி விமானம் விடுவது நமது பொழுதுபோக்கு. ஆறு மாதம் இழைத்துச் செய்த விமானம், ஒரு சக்கரம் இறங்காமல் தரையில் மோதி இறக்கை முறிந்தது. அதில் கற்றதைக் கூறுகிறோம்.

கைப்பம்பினால் சுமார் 100 பி.எஸ்.ஐ. காற்றைச் சிறு தொட்டியில் அடைக்கிறோம். சர்வோ மோட்டார் வால்வைத் திருப்பினால், காற்று சிலிண்டருக்குள் போய்ச் சக்கரத்தை மடக்கும். மறுபுறம் திருப்பினால் இறக்கும்.

கோளாறு பெரும்பாலும் காற்றுக் கசிவே. காற்றை நிரப்பி அரைமணி நேரம் மீட்டரைப் பாருங்கள். சக்கரம் மடங்கிய நிலை, இறங்கிய நிலை இரண்டிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். இரண்டிலும் குறைந்தால் தொட்டி, நிரப்பும் வால்வு, அவற்றின் குழாய்களைக் கவனியுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கத்துக் குழாயே முதல் சந்தேகம்.

மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு நுரைக்கும். தளர்ந்த குழாய் நுனியைச் சிறிது வெட்டி மீண்டும் செருகினால் போதும். மூட்டில் நுரையின்றி, வால்வின் வெளியேற்றத் துளையில் காற்று வந்தால் பிஸ்டனிலோ வால்விலோ ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். நமக்கு நேர்ந்தது இதுவே. மிளகளவு பிஸ்டன் வளையம்!

காற்று குறையாமலே ஒரு கால் தாமதித்தால், குழாயைக் கழற்றிக் கையால் அசையுங்கள். முரட்டு இறக்கத்தில் கம்பி வளைந்து உரசக்கூடும்.

வானில் ஒரு சக்கரம் இறங்காவிட்டால், மற்றதையும் மடக்கிப் புல்வெளியில் வயிற்றால் இறக்குவதே நட்டம் குறைவு. நாம் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. கல்லாவை எண்ணாமல் கடை அடைப்போமா? மீட்டரைப் பாராமல் விமானமும் விடலாகாது.