ஊவாக் காற்றும் ஒரு பொறிமனிதனும்

ஊவாத் தேயிலையின் நறுமணத்துக்குக் காரணம் யாதென்று பதுளைத் தோட்டங்களில் எவரை வினவினாலும், ஆடி, ஆவணியில் மலை கடந்து வரும் வறண்ட காற்றே என்பர். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, ஈரம் நீங்கி நம் பக்கம் இறங்குகின்றது. தேயிலைக்கு மணமூட்டும் அக்காற்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கும் தொடர்பு உண்டென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். கடந்த கார்த்திகை வரையில் யானும் நகைத்திருப்பேன்.

பாடசாலையிற் பயிலும் என் தமக்கை மகனுக்கு, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவன் அண்ணன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே, சட்டங்களில் பிணைந்த சிறு சிறு துண்டுகள். நறுக்கிப் பொருத்தினால் ஒரு பொறிமனிதன் எழுந்து நிற்பான். 1979ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தோன்றிய ‘மொபைல் சூட் கன்டம்’ என்னும் சித்திரத் தொடரின் வீரன் அவன். 1980இல் பண்டாய் நிறுவனம் அவ்வுருவை 300 யென் விலையில் வெளியிட்டது முதல், உலகெங்கும் சிறுவர் மட்டுமன்றிப் பெரியவரும் அதனைப் பொருத்தி மகிழ்கின்றனர்.

பையன் தன் சேமிப்பில் ஒரு வர்ணக் குப்பி வாங்கினான். வர்ணத்தையும் அமுக்கிய வாயுவையும் ஒரே தகரக் குப்பியில் அடைக்கும் முறையை 1949இல் அமெரிக்க வர்ண வணிகர் எட்வேட் சீமோர், தம் மனைவி கூறிய யோசனையின்படி உருவாக்கினார். பொத்தானை அழுத்தினால் பனித்தூறல்போல் வர்ணம் பாயும். எளிதென்று எண்ணிய பையன், மழை மாலையொன்றில் லயத்து இஸ்தோப்பில் நின்று பொறிமனிதனின் மார்புக் கவசத்திற்கு நீலம் தெளித்தான். சற்று நேரத்தில் நீலத்தின்மேல் பால் படிந்தாற்போல் வெண்மை பரவிற்று. ஓரிடத்தில் வர்ணம் கண்ணீராய் வழிந்திருந்தது. அண்ணனின் உழைப்பைப் பாழாக்கினேனே என்று கலங்கி, தொலைபேசியில் அவன் படம் கேட்டபோதெல்லாம் சாக்குக் கூறிக் காலம் கடத்தினான்.

நிகழ்ந்தது யாது? வர்ணத்திலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பின் அது அக்குளிர்ந்த வர்ணத்தின்மேல் நுண்துளிகளாய்ப் படிந்து வெண்மை பூக்கச் செய்கின்றது. ஐப்பசி முதல் தை வரை நமது பதுளை மழையில் நனையும் காலம். குற்றம் பையனுடையதன்று, அவன் தெரிந்தெடுத்த நாளுடையது.

ஆதலின் புதிதாய்த் தொடங்கும் மாணவர் சிலவற்றை நினைவிற் கொள்க. துண்டுகளைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துக. வெட்டிய தழும்புகளை நுண்ணிய தேய்தாளால் மழுப்பி, அடிவர்ணம் பூசுக. குப்பியை இரண்டு நிமிடம் நன்கு குலுக்கி, ஏறத்தாழ 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடிக்க. தெளிப்பைப் பொருளுக்கு வெளியே தொடங்கி, மறுபுறம் வெளியே முடித்தல் வேண்டும். ஒரே முறையில் மூடிவிட முயன்றால் வர்ணம் வழியும். மெல்லிய பூச்சு இரண்டு மூன்று, இடையே உலர விட்டுப் பூசுவதே முறை. சில வர்ணங்கள் பிளாஸ்டிக்கையே அரித்துவிடுமாகையால், எஞ்சிய சட்டத்தில் முதலில் சோதித்தறிக.

இவற்றினும் மேலானதொன்று உண்டு. இன்றைய குப்பிகளில் பெரும்பாலும் தீப்பற்றும் வாயுவே அடைக்கப்படுகின்றது. விறகடுப்பு எரியும் லயத்து அறையிலோ, விளக்கேற்றிய சுவாமிப் படத்தருகிலோ ஒருபோதும் தெளிக்கலாகாது. குப்பியை அடுப்பருகே வைத்தலும் ஆபத்து. அந்த ஆவி நுரையீரலுக்கும் கேடு. திறந்த வெளியில், தகுந்த முகக்கவசத்துடன், கைக்குழந்தைகள் இல்லாத இடத்திலேயே பணி நிகழ்தல் வேண்டும்.

மாசியில் வெயில் காய்ந்த ஒரு முற்பகலில் பையன் மீண்டும் முயன்றான். வழிந்த இடத்தைத் தேய்த்து, மெல்லிய பூச்சொன்று தெளிக்க, வெண்மை மறைந்து நீலம் தெளிந்தது. தோளருகே சிறு தழும்பு மட்டும் எஞ்சியது. அதனையும் மறைக்காமல் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பி, நடந்ததனைத்தையும் கூறினான்.

“அடுத்ததைச் சித்திரையில் நானே கொண்டு வருகிறேன். இருவரும் சேர்ந்து தெளிப்போம்” என்று வந்தது பதில்.