எலும்புப் படமும் கரும்புள்ளிகளும்

வைத்தியரைக் காணுமுன்னரே ஸ்கேன் உறையைப் பிரித்துப் பார்த்து நடுங்காத குடும்பம் உண்டோ? கடந்த ஆண்டு மும்பையில் நம் இல்லத்திலும் அதுவே நிகழ்ந்தது.

நம் தமையனாருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். நம்முடன் தங்கிச் சிகிச்சை பெற்று வந்தார். நோய் எலும்புக்குப் பரவியுள்ளதா என்றறிய எடுத்த படத்தில் விலாவில் மூன்று கரும்புள்ளிகள். முழங்கால் இரண்டிலும் கருமை. அண்ணியார் அன்று சோற்றைத் தொடவில்லை. நாமும் ஊருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிவிட்டோம்.

கதிரியக்கவியலில் எம்.டி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நம் தமக்கையார் மகன் மாலையில் வந்தான். படத்தை நெடுநேரம் நோக்கியபின், “மாமா, பெரிய மாமா சமீபத்தில் எங்கேனும் விழுந்தாரா?” என்றான். விழுந்ததுண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் தாதர் நிலையப் படிக்கட்டில் வழுக்கினார். இரயில்வே குமாஸ்தாவாகிய நாமே அதை மறந்திருந்தோம்!

அவன் விளக்கியது இது. டெக்னீஷியம் 99எம் என்னும் கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். ஆறு மணி நேரத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். எலும்பு எங்கெல்லாம் புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கெல்லாம் அது மிகுதியாகத் தங்கும். காமா காமிரா காண்பது அந்தக் கட்டுமான வேலையையே. புற்றுநோயை நேரே காண்பதில்லை. முறிவு ஆறும்போதும், மூட்டு தேயும்போதும் கருமை தோன்றும். அடுத்தடுத்த விலாக்களில் ஒரே நேர்க்கோட்டில் புள்ளிகள் இருந்தால் அடிபட்டதை முதலில் நினைக்க வேண்டும். முதுகெலும்பு, இடுப்பு, விலா என ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் பரவலை ஐயுற வேண்டும்.

புராஸ்டேட் நோய் முதுகெலும்பை நாடுவது ஏன் என்றும் கேட்டோம். இடுப்பிலிருந்து முதுகெலும்பைச் சுற்றி ஓடும் சிரைகளில் வால்வுகள் இல்லை. இரத்தம் இருபுறமும் ஓடலாம். 1940-இல் பேட்சன் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் இவ்வழியை எடுத்துக் காட்டினார். பிரதான பாதையை விட்டுக் கிளைப்பாதையில் சரக்கு போவதுபோல் என்று நாம் சொல்ல, மருமகன் சிரித்தான்.

“பரவியுள்ளது” என்று மட்டும் சொன்னால் பரீட்சையில் தேற முடியாதாம். எங்கே, எத்தனை, எவ்வடிவில், வேறு காரணம் உண்டா, அடுத்த சோதனை யாது என வரிசையாகக் கூற வேண்டும். தமையனார் விஷயத்திலும் அவன் தானே முடிவு சொல்லவில்லை, சி.டி. எடுத்துப் பார்த்து வைத்தியரே சொல்லட்டும் என்றான். எடுத்தார்கள். ஆறிவரும் முறிவுகளே அவை. முழங்கால் கருமை வயதின் தேய்மானம்.

அவ்வாரமே அவன் தன் பரீட்சைப் படங்களுள் ஒன்றை நம்மிடம் நீட்டினான். எலும்புக்கூடு முழுதும் தெளிவாக, ஒரே சீராக இருந்தது, தனிப்புள்ளி ஒன்றுமில்லை. “இதுவன்றோ நல்ல படம்!” என்றோம்.

மாதிரிப் பரீட்சையில் தானும் அவ்வாறே சொல்லித் தவறியதாகக் கூறினான். மருந்தின் ஒரு பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுமாதலால், சாதாரணப் படத்தில் சிறுநீரகங்கள் மங்கலாகவேனும் தெரியும். நோய் எலும்பு முழுதும் பரவிவிட்டால் மருந்தனைத்தையும் எலும்பே உறிஞ்சிக்கொள்கிறது.

“சிறுநீரகங்கள் எங்கே, மாமா?” என்று கேட்டான். படத்தை விளக்கொளியில் பிடித்து நாம் மீண்டும் தேடினோம்.