ஒயருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்துப் போவார்கள். உள்ளே எங்கு பார்த்தாலும் ஒயர்கள்! கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று பல நிறங்கள். வாராத தலைமுடிபோல அவை சிக்கிக் கிடக்கும்.

"உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று பலர் மூடி விடுகிறார்கள். அது தவறு. ஒயர் ஒழுங்காக இருந்தால் அழகு மட்டும் அல்ல. காற்றும் நன்றாக ஓடும்.

காற்று எதற்கு?

வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் சூடாகிறது. அதன் மூளை போன்ற பகுதிக்கு "புராசசர்" என்று பெயர். அதன் சூடு 100 டிகிரியை நெருங்கினால், அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அதனால்தான் பெட்டியில் விசிறிகளை வைக்கிறார்கள். பெரும்பாலும் முன்பக்க விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பின்பக்க விசிறி சூடான காற்றை வெளியே தள்ளும். நடுவில் ஒயர்க் கட்டு நின்றால் காற்றுக்கு வழி ஏது? தொங்கும் ஒயர் விசிறியின் இறக்கையில் சிக்கினால், விசிறியே நின்றுவிடும்!

பட்டை ஒயர்

முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கத் தட்டையான பட்டை ஒயர் இருந்தது. அகலம் சுமார் 2 அங்குலம். நீளம் 18 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. திரைச்சீலைபோல அது குறுக்கே தொங்கும்.

சிலர் அதை பிளேடால் நீளவாக்கில் கிழித்தார்கள். சுருட்டிக் குழாய்போலக் கட்டினார்கள். பிறகு கடைகளிலேயே உருண்டை ஒயர்கள் பல நிறங்களில் வந்தன. காற்றுக்கு வழி கிடைத்தது. பார்க்கவும் அழகு!

ஆனால் ஓர் ஆபத்தும் இருந்தது. வேகமான பட்டை ஒயரில் 80 கம்பிகள் உண்டு. அவற்றில் 40 கம்பிகள் காவலுக்காகச் சேர்க்கப்பட்டவை. ஒரு கம்பியில் போகும் செய்தி அடுத்த கம்பியில் கலந்துவிடாமல் அவை இடையில் நின்று தடுக்கும். கண்டபடி சுருட்டினால் அந்த வரிசை கலையும். செய்தியில் பிழை வரலாம். அழகுக்காகச் செய்தது தொல்லையில் முடியலாம்!

2003-ம் ஆண்டில் "சாட்டா" முறை வந்தது. இதில் 7 கம்பிகள்தான். விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய ஒயர். 1 மீட்டர் நீளம் வரை போகலாம். பட்டை ஒயர் மெல்ல மெல்ல மறைந்தது. இன்று சில டிஸ்க்குகளுக்கு ஒயரே கிடையாது. மதர்போர்டிலேயே சொருகி விடலாம்.

டிஸ்க் கருகும்!

இப்போது இடத்தை அடைப்பது மின்சார ஒயர்கள்தான். வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிக்குக் கடைகளில் "எஸ்.எம்.பி.எஸ்." என்று பெயர். "மாடுலர்" வகையை வாங்கினால், வேண்டிய ஒயரை மட்டும் சொருகிக்கொள்ளலாம். மிச்ச ஒயரைக் கழற்றி எடுத்து வைக்கலாம்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரு கம்பெனியின் ஒயர் இன்னொரு கம்பெனியின் பெட்டியிலும் சொருகும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையேகூட வரிசை மாறுவது உண்டு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் என்ன ஆகும்? டிஸ்க் கருகிவிடும். அதில் இருந்த கலியாணப் படங்களும், கைக்குழந்தையின் முதல் படமும் போய்விடும்!

ஆகவே, பெட்டியோடு வந்த ஒயரையே பயன்படுத்த வேண்டும். வண்ண ஒயர் வேண்டும் என்றால், நீட்டிப்பு ஒயர் வாங்கலாம். அது பழைய ஒயரின் நுனியில் சேர்வது. அந்த நுனி எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது.

வாங்குமுன் கவனிக்க

* போகும் வழியை நூலால் அளந்து, சற்றே கூடுதல் நீளத்தில் வாங்கவும். அதிக நீளம் சிக்கலாகும். இழுத்துக் கட்டினால் முனை கழன்றுவிடும்.

* சாட்டா ஒயரில் பூட்டுக் கொக்கி இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் எளிதில் கழலாது.

* மதர்போர்டுக்குப் பின்புறம் ஒயரைக் கொண்டு போகவும். ஒட்டும் துணிப் பட்டையால் கட்டினால், பிறகு அவிழ்ப்பது சுலபம்.

* பெட்டியைத் திறக்குமுன் மின் இணைப்பைக் கழற்றவும். விசிறியில் படிந்த தூசியையும் துடைக்கவும். ஒயரை மட்டும் ஒதுக்கி, தூசியை விட்டுவிட்டால் பயன் இல்லை.

நிறமும் பளபளப்பும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கலியாணத்துக்கு மட்டும் அல்ல, கம்ப்யூட்டர் ஒயருக்கும் முதலில் பொருத்தம்தான் பார்க்க வேண்டும்!