சின்ன முள் சொல்லும் மணி

ஒவ்வொரு ஜனவரியிலும் திருச்சி மன்னார்புரத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு காலண்டர் அட்டை மிஞ்சும். 365 தாளும் கிழிந்துபோன தினசரி காலண்டரின் அட்டை. முன்பக்கத்துச் சாமி படத்தைத் தண்ணீர் தொட்டுப் பக்குவமாக உரித்துப் பூஜை அறைச் சுவரில் ஒட்டிவிட்டால், கையில் நிற்பது கெட்டியான பழுப்பு அட்டை. இந்த வருஷம் அதில் நானும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகளும் ஒரு கடிகாரம் செய்தோம்.

முதலில் செய்தது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் செய்துகொண்டு போவார்களே, அதே மாதிரிதான். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம், சுற்றிலும் 12 எண்கள், நடுவில் இரண்டு முள். ரவிக்கைக்குத் தைக்கும் பிரஸ் பட்டனின் ஒரு பாதியை அட்டையிலும், மறுபாதியை முள்ளிலும் தைத்துவிட்டால் முள் அழகாகச் சுழலும். விட்ட இடத்தில் நிற்கவும் செய்யும். "மூன்றரை வை" என்றேன். பெரிய முள்ளை 6-இல் வைத்தாள், சின்ன முள்ளை 3-இல் நேராக வைத்தாள். நானும் சபாஷ் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை மூன்றரைக்குக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவள் கேட்டாள்: "பெரியம்மா, நம்ம சுவர்க் கடிகாரம் கெட்டுப்போச்சா? சின்ன முள் மூணுலயும் இல்ல, நாலுலயும் இல்ல."

கெட்டுப்போனது நாங்கள் செய்த கடிகாரம். சுவரில் இருப்பதில் இரண்டு முள்ளும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. பெரிய முள் முழு வட்டமான 360 பாகை சுற்றி முடிக்கும்போது சின்ன முள் 30 பாகை நகர்ந்திருக்கும். அதாவது நிமிஷத்துக்கு அரைப் பாகை. மூன்றரைக்கு அது 3-க்கும் 4-க்கும் நட்டநடுவில் இருந்தே ஆக வேண்டும். அட்டைக் கடிகாரத்தில் முள்கள் தனித்தனியாகச் சுழல்வதால், உலகத்தில் எந்தக் கடிகாரமும் காட்டாத ஒரு நேரத்தை அதில் வைத்துவிடலாம். அப்படி வைத்துப் பழகிய பிள்ளைதான் மூன்று ஐம்பத்தைந்தை நாலு ஐம்பத்தைந்து என்று படிக்கிறது. அந்த நேரத்தில் சின்ன முள் கிட்டத்தட்ட 4-ஐத் தொட்டுக்கொண்டுதானே நிற்கும்! குழந்தைக்குக் கவனம் போதவில்லை என்று நாம் கடிந்துகொள்கிறோம். பிசகு நாம் கொடுத்த பொம்மையில் இருக்கிறது.

அதனால் நான் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டேன். மணி பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் முதல் சில நாளாவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒற்றை முள்ளை வைத்து மணி பார்க்க முடியுமா என்றால், தமிழ் பேசும் யாருக்கும் அது முடியும். நாம் மணி சொல்லும் விதத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். மூணு, மூணேகால், மூணரை, மூணேமுக்கால், நாலு. இதில் பெரிய முள்ளின் பேச்சே இல்லை. 3-க்கும் 4-க்கும் நடுவில் உள்ள வழியில் சின்ன முள் கால்பங்கு போயிருந்தால் மூணேகால், முக்கால்பங்கு போயிருந்தால் மூணேமுக்கால். அரைப்படி, முக்கால்படி என்று அரிசி அளந்த அதே கணக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கால், அரைக்கால், மாகாணி என்று கீழ்வாய் இலக்கத்தை, அதாவது பின்னங்களை, மனப்பாடம் செய்த வழக்கம்தான் நம் வாயில் இப்படி நிற்கிறது. ஆங்கிலத்தில் மூணேமுக்காலுக்கு, நாலு மணிக்குக் கால் மணி இருக்கிறது என்று பின்னாலிருந்து எண்ணுவார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்த மணி கடந்துவிட்டதோ அதிலிருந்தே முன்னோக்கி எண்ணுகிறோம். பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான வழி எங்கே இருக்கிறது?

கடிகாரத்தின் கதையும் இதே வரிசையில்தான் நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டில் கோபுரங்களில் ஏறிய இயந்திரக் கடிகாரங்களில் முகப்பு வைத்தபோது, நெடுங்காலம் பெரும்பாலானவற்றுக்கு மணி முள் ஒன்றே இருந்தது. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் முன்னே பின்னே ஓடும் இயந்திரத்தில் நிமிஷ முள் வைத்து என்ன பயன்? 1656-இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தினார். பிசகு ஒரு நிமிஷத்துக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பிறகே பெரிய முள் பரவலாக வந்தது.

ஒற்றை முள் கடிகாரம் செய்வது அரை மணி நேர வேலை. தட்டின் அளவுக்குத் தாளில் வட்டம் வெட்டி, பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடியுங்கள். கையில் கால்வட்டம் இருக்கும். அதை மூன்று சம பங்காக மடிப்பதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். விசிறி மடிப்பதுபோல ஒரு ஓரத்தை முன்னாலும் மறு ஓரத்தைப் பின்னாலும் விட்டு, மூன்றும் சமமாகும்வரை நகர்த்த வேண்டும். பிரித்தால் 12 பங்கு, கோணமானியே வேண்டாம். தாளை அட்டையில் ஒட்டி, 12, 3, 6, 9 ஆகிய நான்கையும் முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைக் குழந்தையே நிரப்பட்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் மூன்று சிறு கோடுகள்: கால், அரை, முக்கால். அரைக்கு மட்டும் கோடு சற்று நீளமாக. முள்ளின் நுனி இந்தக் கோடுகளைத் தொட வேண்டும். நாங்கள் முதலில் வெட்டிய முள் கட்டையாகப் போய், எந்தக் கோட்டைக் காட்டுகிறது என்றே தெரியவில்லை.

பயிற்சிக்குக் கணக்குப் புத்தகம் தேடவில்லை. புதுக் காலண்டர் பக்கத்திலேயே தொங்குகிறது. திங்கள் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. எந்தக் கிழமையானாலும் ஒன்றரை மணி நேரம், அதாவது காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை உள்ள பகலில் எட்டில் ஒரு பங்கு. நம்பிக்கை இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அரை மணி படிக்க இது நல்ல பாடம். தினமும் காலையில் தாளைக் கிழித்ததும் அவள் ராகு காலத்தின் தொடக்கத்துக்கு முள்ளை வைப்பாள், பிறகு முடிவுக்கு நகர்த்துவாள். ஒரே வாரத்தில் "ஏழேமுக்காலும் கொஞ்சமும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அவளே கேட்ட அன்றுதான் பெரிய முள் திரும்பி வந்தது.

இந்தத் தடவை பிரஸ் பட்டன் இல்லை. பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடந்த ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தை வாங்கி வந்து, அதன் பின்னாலிருக்கும் கறுப்புப் பெட்டியை, கடைக்காரர்கள் மெஷின் என்பார்களே, அதைக் கழற்றினோம். ஓட வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே மெல்லிய குவார்ட்ஸ் துண்டு ஒன்று நொடிக்கு 32,768 தடவை அதிர, அதை மின்சுற்று பதினைந்து முறை பாதி பாதியாக்கி நொடிக்கு ஒரு துடிப்பாக்கும். பென்சில் பேட்டரி போட்டால்தான் அந்த வேலை நடக்கும். பேட்டரி இல்லாவிட்டாலும் பின்னால் உள்ள திருகு சும்மா இருக்காது. அதைத் திருப்பினால் இரண்டு முள்ளும் சேர்ந்தே நகரும், எப்போதும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். அட்டையின் நடுவில் துளை போட்டு, மெஷினின் கழுத்தை நுழைத்து, முன்பக்கம் நட்டை முடுக்கி, முதலில் சின்ன முள்ளை, அதன்மேல் பெரிய முள்ளை, இரண்டும் 12-ஐப் பார்க்கும்படி அழுத்திவிட வேண்டும். அவ்வளவுதான். இனி யார் நினைத்தாலும் அதில் தப்பான மூன்றரை வைக்க முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு, பார்சல் பெட்டி அட்டையின் உள்ளே இருக்கும் அலைத்தாளைக் கீற்றாக வெட்டி, வட்டத்தைச் சுற்றி ஒட்டிப் பல்சக்கரமே செய்து காட்டலாம். பெரிய முள்ளின் அச்சில் 10 பல் சக்கரம். அது பக்கத்தில் உள்ள 30 பல் சக்கரத்தைச் சுற்றும். அந்த 30-இன் முதுகில் ஒட்டிய 8 பல் சக்கரம், பெரிய முள்ளின் அச்சிலேயே தளர்வாகச் செருகிய 32 பல் சக்கரத்தைச் சுற்றும். சின்ன முள் இந்த 32-இல் உட்கார்ந்திருக்கும். வேகம் முதலில் மூன்றில் ஒரு பங்காகிறது, பிறகு அதில் நான்கில் ஒரு பங்கு. பத்தும் முப்பதும் நாற்பது, எட்டும் முப்பத்திரண்டும் நாற்பது. அதனால்தான் இரண்டு சோடிகளும் ஒரே இடைவெளியில் பொருந்துகின்றன, இரண்டு முள்ளும் ஒரே அச்சில் சுழல முடிகிறது. திருகைத் திருப்பியபடி, பன்னிரண்டு மணி நேரத்தில் முள்கள் எத்தனை தடவை ஒன்றன்மேல் ஒன்று வருகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். பெரியவர்கள் 12 என்பார்கள். எண்ணிப் பார்த்தால் 11.

பாடம் மொட்டைமாடிக்கு ஏறியது பங்குனி வெயிலில். செங்கல் இடுக்கில் ஒரு குச்சி நட்டு, கால் மணிக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். நிழல் மிகக் குறுகியது 12 மணிக்கு அல்ல, கிட்டத்தட்ட பன்னிரண்டே காலுக்கு. காரணம் கடிகாரத்தில் இல்லை. நாடு முழுவதற்குமான நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். திருச்சி இருப்பது சுமார் 78.7-இல். ஒரு பாகைக்கு நாலு நிமிஷம் வீதம், சூரியன் நம் உச்சிக்கு வரச் சராசரியாகக் கால் மணி தாமதம். இந்தப் பொதுநேரம் 1906 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம் பக்கத்து ரயில்கள் ஓடியது மதராஸ் வானாய்வகத்தின் நேரப்படி. அது இன்றைய நேரத்துக்குச் சுமார் ஒன்பது நிமிஷம் பிந்தியது.

முள் ஏன் இடமிருந்து மேலேறி வலம் போகிறது என்பதற்கும் மாடியிலேயே விடை இருந்தது. வடக்கைப் பார்த்து நின்றால் காலை நிழல் இடப்பக்கம் மேற்கிலும், நண்பகல் நிழல் நேர் எதிரே வடக்கிலும், மாலை நிழல் வலப்பக்கம் கிழக்கிலும் விழும். கடிகாரத்தைச் செய்த ஐரோப்பாவில் வருஷம் முழுக்க நிழல் இப்படித்தான் போகும், முள்ளும் அதையே பின்பற்றியது. திருச்சியில் அப்படி இல்லை. ஏப்ரல் 18-ஐ ஒட்டிய ஒரு நண்பகலில் குச்சிக்கு நிழலே விழாது. அதிலிருந்து ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி நிழல் மறையும் நாள்வரை சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்து உச்சி கடப்பதால், நண்பகல் நிழல் தெற்கில் விழும். மேற்கிலிருந்து தெற்கு வழியாகக் கிழக்குக்குப் போகும் அந்த நிழல், முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும்.

சித்திரை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவள் அதை மாடியில் கண்டுபிடித்தாள். இறங்கி வந்தவள் மிச்சமிருந்த காலண்டர் அட்டையைக் கேட்டு வாங்கி, வட்டம் போட்டு, எண்களை இடவலம் மாற்றி எழுத ஆரம்பித்தாள். ஆவணிவரைக்கும் மாடியில் வைக்க ஒரு கடிகாரம்.