வீட்டுக் கணனியின் உறுப்புக்களைத் தெரிவுசெய்தல்

கணனி வாங்கக் கடைக்குச் செல்பவர் முதலிற் கேட்பது, "நல்ல கணனி ஒன்று என்ன விலை?" என்பதாகும். நேர்மையுள்ள கடைக்காரர் அதற்கு உடனே விடை கூறார். "என்ன தேவைக்கு, ஐயா?" என்று திருப்பிக் கேட்பார். அவ்வினாவுக்கு ஆயத்தமாய்ச் செல்பவர் மிகச் சிலர். ஏனையோர் "எல்லாத் தேவைக்குந்தான்" என்று சொல்லிவிடுவர். அந்த ஒரு வார்த்தை, ஈராண்டு மூவாண்டு சேர்த்த பணத்திற் கணிசமான பங்கை வீணே கரைத்துவிடக் கூடியது.

வெவ்வேறு கம்பனிகள் வெவ்வேறு நாடுகளிற் செய்த உறுப்புக்கள் ஒரே பெட்டியினுள் ஒன்றோடொன்று இசைந்து வேலைசெய்வது வியப்புக்குரியதே. அதற்குக் காரணமான நிகழ்ச்சி 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் நடந்தது. ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாட் கணனியை அன்று வெளியிட்டது. அதன் மூளையாய் அமைந்த புரொசெசர், இன்டெல் நிறுவனத்தின் 8088 என்பது. மலிவான மாதிரியின் நினைவகம் வெறும் 16 கிலோபைற். பொறியை விரைவிற் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தமையால், ஐ.பி.எம். பிறர் செய்து விற்ற உறுப்புக்களையே பெரும்பாலும் எடுத்தாண்டது. பொறியின் உள்ளமைப்பையும் நூலாக வெளியிட்டது. அதனால் மற்றையோரும் அதற்கு இசைந்த பொறிகளையும் பலகைகளையும் செய்யத் தொடங்கினர். பின்னர் 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டத்தை வகுத்தது. தாய்ப்பலகையின் திருகாணித் துளைகள் எங்கெங்கு இருக்க வேண்டும், மின்வழங்கியின் கம்பிமுனை எவ்வடிவினது என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. இன்று வீட்டு மேசையில் ஒரு திருகாணி முடுக்கியுடன் இருந்து கணனியைப் பொருத்துபவர் அவ்வரையறையின் பயனையே நுகர்கின்றார்.

எனினும் எல்லாம் எல்லாவற்றோடும் இசையும் என்று எண்ணிவிடலாகாது. தவறுகள் பெரும்பாலும் நேர்வது இவ்விடத்திலேதான்.

கொடிகாமத்துக்கு அண்மையில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறையிற் படிக்கின்றாள். அவளுக்கு நிரல் எழுதவும், படம் வரையவும், சில வேளைகளிற் சிறிய காணொளிகளைத் தொகுக்கவும் கணனி வேண்டும். தம்பிக்கு விளையாட்டுக்கள் வேண்டும். தந்தையார் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். பணமோ தாயார் பிடித்த சீட்டுப் பணம். இன்னொரு முறை கிடைக்காது. கனடாவிலிருக்கும் பெரியம்மா மகன், கண்ணாடிப் பெட்டியினுள் வர்ண விளக்குகள் ஒளிரும் தன் கணனியின் படத்தை அனுப்பி, "கிராபிக்ஸ் கார்ட் பெரிதாக எடுங்கள்" என்று எழுதியிருக்கின்றான். அவன் சொன்னது அவனுக்குப் பொருத்தமானதே. கொடிகாமத்து வீட்டின் தேவை வேறு.

முதலிற் புரொசெசரும் தாய்ப்பலகையும் சேர்த்தே தெரிவுசெய்யப்பட வேண்டும். புரொசெசர் அமரும் குழி கம்பனிக்குக் கம்பனி மட்டுமன்றித் தலைமுறைக்குத் தலைமுறையும் மாறும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்னும் குழியில் 2017ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ரைசன் புரொசெசர்கள் பல அமரும். 2022இல் வந்த ஏ.எம்.5 குழியில் அவற்றில் ஒன்றேனும் அமராது. இன்டெல் நிறுவனத்தின் 12ஆம், 13ஆம், 14ஆம் தலைமுறைகளுக்கு ஒரு குழி. 2024இன் பிற்பகுதியில் வந்த அல்ட்ரா வரிசைக்கு மற்றொரு குழி. குழி பொருந்தினாலும் வேறொரு தடை எழக்கூடும். பலகை பழையதாகவும் புரொசெசர் புதியதாகவும் இருந்தால், பலகையிற் பதிந்துள்ள தொடக்க நிரலைப் புதுப்பிக்கும் வரை பொறி விழித்துக்கொள்ளாது. ஏ.எம்.4 பலகைகள் நெடுங்காலம் விற்பனையில் இருந்தமையால் இச்சங்கடம் அவற்றிலே மிகுதி. புதுப்பித்துத் தரும்படி வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது தகும்.

அடுத்து ஒரே ஓர் எழுத்தினால் வரும் ஏமாற்றம். இன்டெல் புரொசெசரின் பெயரிறுதியில் 'எப்' என்னும் எழுத்து நின்றால், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி அதில் இயங்காது. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வாங்காமல் அதனைப் பொருத்தினால், விசிறி சுழலும், விளக்கெரியும், திரை மட்டும் இருண்டிருக்கும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 என்பதும் அத்தகையதே; ஆனால் 5600ஜி என்பது தானே படம் காட்டவல்லது. விலை சற்றுக் குறைவென்று 'எப்' எழுத்துள்ளதை வாங்கிவந்து, பின்பு கார்ட் வாங்க வழியின்றித் தவிப்போர் உளர். நம் குடும்பத்துக்கு ஆறு உட்கருக்களைக் கொண்ட ரைசன் 5 7600 போன்றது போதும். சாதாரண வேலைக்கான படம் காட்டும் பகுதி அதனுள் உண்டு. குளிரூட்டும் விசிறியும் அதே பெட்டியில் வரும். தம்பி பெரிய விளையாட்டுக்களுக்குப் பொறுத்திருக்க வேண்டும். வேண்டிய காலத்திற் கார்ட் ஒன்றைப் பின்னர் சேர்த்துக்கொள்வதற்கு வாய்ப்புண்டு என்பதே தனித்தனியாய் வாங்குவதிலுள்ள பெரும் நன்மை.

இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைகளின் உயர்ந்த வகைப் புரொசெசர்கள் சிலவற்றிற் பொறி அடிக்கடி நின்றுபோகும் குறை 2024இல் வெளிப்பட்டது. அவை தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றமையே காரணமென அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு, திருத்த நிரலை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் ஈராண்டு நீட்டியது. ஆதலின் அவ்வகையைப் பழையதாக வாங்குபவர் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நினைவகத்தில் இன்று இரு வகை வழக்கிலுண்டு. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய இரண்டுக்கும் 288 தொடுமுனைகளே. எனினும் நடுவிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் வாயிற் புகாது. வலிந்து அழுத்தினாற் பலகை பழுதாகும். ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். அளவு 16 கிகாபைற் இருந்தால் மாணவர் வேலைக்கு இடையூறு வராது. 8 கிகாபைற் உலாவியொன்றைத் திறந்து பத்துப் பக்கங்களைப் பார்ப்பதற்குள் மூச்சுத்திணறும். 16ஐ ஒரே துண்டாக வாங்காமல், 8 வீதம் இரண்டாக வாங்கினால், புரொசெசர் ஒரே வேளையில் இரு வழியாற் செய்தியைப் பெறும்; புரொசெசரினுள் அமைந்த படப்பகுதிக்கு இதனால் வரும் வேறுபாடு கண்கூடானது. நான்கு வாய்கள் உள்ள பலகையில் அவ்விரண்டையும் பெரும்பாலும் இரண்டாம், நான்காம் வாய்களிலேயே பொருத்துவர். பலகையின் கைந்நூல் அதனைக் காட்டும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாய்க் கொள்வனவு செய்தமையால் அவற்றின் விலை உலகெங்கும் திடீரென ஏறியது. அத்தகைய வேளையில், வீட்டிலிருக்கும் பழைய டி.டி.ஆர்.4 துண்டுகளைப் பயன்படுத்தி ஏ.எம்.4 பொறியொன்றை அமைப்பது வெட்கப்படத் தக்கதன்று.

சேமிப்பகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சுழலும் வன்தட்டில் இயங்குதளத்தை வைப்பதற்கு இன்று நியாயமில்லை. சாட்டா வகை எஸ்.எஸ்.டி. வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைற் வாசிக்கும், என்.வி.எம்.இ. வகை 3,500க்கு மேலும் வாசிக்கும். அன்றாட வேலையில் இவ்விரண்டுக்குமிடையிலுள்ள வேறுபாடு, வன்தட்டுக்கும் இவற்றுக்குமிடையிலுள்ளதைப் போன்று பெரிதாய்த் தோன்றாது. 500 கிகாபைற் என்.வி.எம்.இ. ஒன்று போதுமானது. பழைய வன்தட்டு வீட்டில் இருந்தால், புகைப்படங்களின் பிரதிகளை வைக்க அது பயன்படும்.

இனி, எல்லாரும் இறுதியில் மிச்சக் காசுக்கு வாங்கும் உறுப்பைப் பற்றி. அதுவே மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தைப் பொறிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றித் தருவது இதன் தொழில். புரொசெசர் கெட்டால் புரொசெசர் மட்டுமே போகும். மலிவான மின்வழங்கி கெட்டாலோ, தன்னோடு இணைந்த பலகையையும் சேமிப்பகத்தையும் அதிலிருந்த பாடக்குறிப்புக்களையும் உடன் கொண்டுபோகக்கூடும். சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு கேள்வியின்றிச் செலவாக வேண்டிய இடம் இதுவே.

அதன் பெட்டியிற் பெரிதாய் அச்சிட்ட எண்ணை நம்புதல் கூடாது. பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையிற் 12 வோல்ற்று என்றிருக்கும் நிரலை நோக்க வேண்டும். அதன் கீழ் 18 அம்பியர் என்றிருந்தால், 12ஐ 18ஆற் பெருக்க 216 உவாற்று வரும். புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது இந்த 12 வோல்ற்றையே. ஆகவே வெளியே 500 என்று எழுதியிருந்தாலும் உள்ளே பயன்படுவது 216தான். நல்ல பொருளில் இவ்விரு எண்களும் ஏறத்தாழ ஒத்திருக்கும். 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' என்னும் சான்று, சுமையின் 20, 50, 100 விழுக்காடுகளில் 80 விழுக்காட்டுக்குக் குறையாத திறனை வேண்டுவது. அச்சான்று பாதுகாப்பை முழுதும் உறுதிசெய்யாது. ஆயினும் அதுவுமில்லாத பொருளை விலக்கிவிட அது உதவும்.

கொடிகாமத்துக் கணக்கு இவ்வாறு அமையும். புரொசெசர் மிகுதியாய் உழைக்கும்போது 88 உவாற்று. பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள் எல்லாவற்றுக்கும் 50 என்று கொள்க. பின்னர் ஒரு நாள் ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற கார்டைச் சேர்த்தால் அதற்கு 115. ஆக 253 உவாற்று. 450 அல்லது 550 உவாற்று தரும் நேர்மையான மின்வழங்கி, இதனைத் தடையின்றித் தாங்கும். 850 வாங்கும்படி கூறுபவரின் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பேசுகையில் இந்நாட்டின் நிலையை மறந்துவிட முடியாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததாற் சிக்கல் நேர்ந்ததெனச் சொல்லப்பட்டு, நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. எழுதிக்கொண்டிருந்த வேலையைச் சேமித்துப் பொறியை முறைப்படி நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் தரும் யூ.பி.எஸ். ஒன்று ஆடம்பரமன்று. அதிலும் எண்ணை நோக்க வேண்டும்: 650 வோல்ற்று-அம்பியர் என்று எழுதப்பட்டது பெரும்பாலும் ஏறத்தாழ 360 உவாற்றே தரும். லேசர் அச்சுப்பொறியை அதனோடு இணைத்தல் ஆகாது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. அவ்வேளை செருகியைக் கழற்றுவதோடு, இணைய இணைப்பின் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் அவ்வழியாகவும் வரும். சுவரிலுள்ள மின்வாய்க்குப் புவித்தொடுப்பு உண்டா என்று மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்வது, வர்ண விளக்குகளைக் காட்டிலும் பயன் தரும்.

பழைய பொறிகளை வாங்கலாமா என்னும் வினா இயல்பாய் எழும். 2022இல் ரூபாவின் மதிப்பு டொலருக்கு 200 அளவிலிருந்து 360 வரை வீழ்ந்த பின்னர், அலுவலகங்களிற் பயன்பட்ட கணனிகளை நாடுவோர் பெருகினர். அதிற் குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11ஓ இன்டெலின் 8ஆம் தலைமுறைக்கு முற்பட்ட புரொசெசர்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றில் லினக்ஸ் நன்கு இயங்கும். நிரல் எழுதும் மாணவிக்கு அது நட்டமுமன்று. பழைய கிராபிக்ஸ் கார்டுகளில் எச்சரிக்கை வேண்டும். ஈதர் என்னும் எண்முறை நாணயத்தைத் தோண்டுவதற்கென இரவும் பகலும் உழைத்த கார்டுகள், 2022 செப்ரெம்பரில் அத்தொழில் நின்றதும் சந்தையிற் குவிந்தன.

பெட்டி காற்றோட்டமுள்ளதாய், முன்பக்கம் வலைபோல் துளையுடையதாய் இருந்தாற் போதும். கடற்கரையோரத்து வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் உள்ளே சேரும். கழற்றித் துடைக்கக்கூடிய வடி அமைந்த பெட்டியே நல்லது. திரை கண்ணுக்கு அன்றாடம் உழைப்பது. அதிற் சிக்கனம் பார்ப்பது நல்லதன்று.

எல்லாம் வந்த பின், பற்றுச்சீட்டுக்களையும் பெட்டிகளையும் தூர எறியாமல் உத்தரவாதக் காலம் முடியும் வரை வைத்திருத்தல் வேண்டும். பொருத்தத் தொடங்கு முன் உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட வேண்டும். தாய்ப்பலகைக்கும் பெட்டிக்கும் இடையே நிற்கும் சிறு பித்தளைத் தூண்களை மறந்தாற் பலகை உலோகத்திற் பட்டுக் குறுக்குச்சுற்று உண்டாகும். குளிரூட்டியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதனை உரித்தெடுக்க மறக்கலாகாது. அனுபவமுள்ளோரும் இதனை மறந்ததுண்டு.

ஆளியை அழுத்தியதும் படம் தோன்றவில்லையென்று மகள் கலங்கக்கூடும்; தந்தையார் ஆளியை மீண்டும் அழுத்திவிடக்கூடும். அங்கே பொறுமை வேண்டும். டி.டி.ஆர்.5 நினைவகத்தை முதன்முறை அளந்தறிந்துகொள்ள ஏ.எம்.5 பலகை சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை விசிறிகள் சுழலும், திரை இருண்டே இருக்கும். இடையில் மின்சாரத்தைத் துண்டித்தால் அவ்வேலையை அது முதலிலிருந்து தொடங்கும்.